சாயம் ஏறாத இடம்: உணவுக்குழாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம், அதைச் சுட்டு அழித்த சிகிச்சை

இவர் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண். வயது 52. 2022 மார்ச்சில் இவருடைய உணவுக்குழாயை எண்டோஸ்கோபியில் பார்த்துவிட்டு "சாதாரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். 14 மாதம் கழித்து அதே குழாயில் மூன்று இடங்களில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் இருப்பதைக் கண்டவளும் நான்தான். கருவி அதேதான், பார்த்த விதம்தான் வேறு. பிறகு அந்த மூன்றில் ஒன்றை வெட்டி எடுத்தோம், மற்ற இரண்டையும் ஆர்கன் வாயுவின் சூட்டால் கருக்கி அழித்தோம்.

சுட்டு அழிக்கும் சிகிச்சையைப் பற்றி இணையத்தில் தேடினால் கருவிகளைப் பற்றியும் வெற்றி வீதங்களைப் பற்றியும் நிறையக் கிடைக்கும். இந்த ஒருவரின் விபரத்தை நான் முழுதாக எழுதுவதற்குக் காரணம் வேறு. சூடு வைப்பதற்கு முன்னால் எவ்வளவு பொறுமையாகப் பார்த்தோம் என்பதில்தான் அந்தச் சிகிச்சையின் பலன் தங்கியிருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தவர் இவர். எழுதலாம் என்று அவரே சம்மதித்தார். ஊரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்றார், அவற்றை விட்டுவிட்டேன்.

நோயாளி

16 வயதில் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், பேர் பதிந்தவர். 36 வருடமாக மலையில் வேலை. புகைத்ததில்லை, மது தொட்டதில்லை. வெற்றிலை மட்டும் 17 வயதிலிருந்து. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை. "வெத்தல இல்லாம மலைக்கு ஏற ஏலாதுங்க டொக்டர் அம்மா, குளிருக்கும் பசிக்கும் அதுதான்" என்றார். மழையிலும் பனியிலும் நாளுக்கு 18 கிலோ கொழுந்தைக் கணக்குக் காட்ட வேண்டியவர் சொல்கிற இந்தக் காரணத்தை எந்த வைத்தியரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. சாறைத் துப்புவதுண்டா, விழுங்குவதுண்டா என்று கேட்டேன். "மலையில நிக்கிறப்ப எங்கங்க துப்புறது, கூடைக்கு மேலயா?" என்றார். அந்தப் பதிலை அப்போதே நான் கொப்பியில் குறித்திருக்க வேண்டும்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, போகும் முன் ரொட்டியும் சாயத்தண்ணியும் (பால் சேராத தேநீர்). சாயத்தண்ணி அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. நேரம் இல்லாததால் அந்தப் பழக்கம்.

2019 முதல் இவர் பற்சிகிச்சைப் பிரிவில் கிளினிக் கொப்பி வைத்திருந்தார். வாயின் உட்சதை நார்நாராக இறுகிப் போகும் நோய் அவருக்கு. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வருவது, அதுவே வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய ஒரு நிலை. சாதாரணமாக ஒருவர் வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழையும். இவருக்கு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் 24 மில்லிமீட்டர்தான்.

2022 மார்ச்

அந்த மாதம் எப்படிப்பட்டது என்பது இலங்கையில் இருந்த யாருக்கும் தெரியும். டீசல் வரிசை, கரண்ட் வெட்டு, வாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. அன்றைய பட்டியலில் 19 பேர். சாப்பிட்டால் நெஞ்சில் ஏதோ ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்று இவர் சொன்னார். வாய் சரியாகத் திறக்காததால் கருவியைக் கடிக்காமலிருக்க வைக்கும் வாய்க்கட்டையை, பெரியவர்களுக்கானதை, திணித்துத்தான் வைத்தோம். அவர் ஓங்கரித்துக்கொண்டே இருந்தார். உள்ளே எச்சில் நுரை. குழாயைத் தாண்டி இரைப்பைக்குப் போய், அங்கே கொஞ்சம் சிவப்பைக் கண்டு, திரும்பி வரும்போது உணவுக்குழாயில் நான் செலவிட்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

எங்கள் நாட்டில் நெஞ்சிலிருந்து தொப்புள் வரை எந்த முறைப்பாடு என்றாலும் அதற்கு ஒரே பெயர்: கேஸ்ட்ரைட்டிஸ். நோயாளியும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார், நாமும் அதைத்தான் எழுதிக் கொடுப்போம். நானும் எழுதினேன். அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்தேன். அதைப் போட்டால் எரிச்சல் குறைந்தது, ஆகவே சொன்னது சரி என்று அவரும் நம்பினார்.

நெரிசலும் அவசரமும் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். மேல் உணவுப்பாதையில் புற்றுநோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ 11 சதவீதமானவர்கள், அதற்கு முந்திய மூன்று வருடத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து "இல்லை" என்று அனுப்பப்பட்டவர்கள் என 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. உணவுக்குழாயின் மேற்பரப்பில் மட்டும் உள்ள மாற்றம் மேடாகவும் இருக்காது, பள்ளமாகவும் இருக்காது. வெள்ளை வெளிச்சத்தில் அது பக்கத்துத் தசையின் நிறத்திலேயே கிடக்கும்.

2023 மே: சாயம் போட்டுப் பார்த்த நாள்

இவரைத் திரும்ப அனுப்பியவர் பல் வைத்தியர். கொப்பியில் இரண்டு வரி எழுதியிருந்தார்: வாய் இந்த நிலையில் இருப்பவருக்கு உணவுக்குழாயையும் அயடின் போட்டுப் பார்க்க முடியுமா? அந்த இரண்டு வரிதான் இவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அதன் பின்னால் உள்ள நியாயம் எளியது. வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே வகைத் தோலால், செதிள் கலங்களால், மூடப்பட்டவை. ஒரே சாறு மூன்றிலும் 35 வருடம் ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் கலங்கள் கெட்டுப்போயிருந்தால் மற்ற இடத்தையும் சந்தேகிக்க வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமல்லாமல், புகையிலை சேராத வெற்றிலையையும் வெறும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004இல் முதல் தொகுதியில் சேர்த்தது. "பொயில போடுறதில்லைங்க, வெறும் வெத்தலதான்" என்று கிளினிக்கில் தினமும் கேட்கிற பதிலுக்கு அதனால்தான் நான் தலையாட்டுவதில்லை.

இந்த முறை பட்டியலில் கடைசி ஆளாக அவரைப் போட்டேன், நேரம் வேண்டும் என்பதற்காக. நுரை உடைய சிமெத்திகோன் கலந்த தண்ணீர் குடிக்கக் கொடுத்தோம். சிறுவர்களுக்கான வாய்க்கட்டையைத் தேடி எடுத்தோம். அயடின் ஒத்துக்கொள்ளுமா, தைரொய்ட் வருத்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டோம். முன்வாய்ப் பல்லிலிருந்து 28 சென்டிமீட்டரில், ஒளியை நீலப்பச்சைக்கு மாற்றியதும், வலப்பக்கச் சுவரில் மெல்லிய தவிட்டு நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. வெள்ளை வெளிச்சத்துக்குத் திரும்பினேன், மறைந்துபோனது. 14 மாதத்துக்கு முன்பும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு லுகோல் என்ற அயடின் கரைசல். அதை நீர்த்து 1.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய குழாய் வழியாகக் கீழிருந்து மேலாகத் தெளித்தோம். நல்ல செதிள் கலங்களுக்குள் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து இருக்கும், அது அயடினைப் பிடித்துக் கபில நிறமாகும். கெட்டுப்போகத் தொடங்கிய கலங்களில் அந்தச் சத்துத் தீர்ந்திருக்கும், சாயம் ஏறாது. ஒரு நிமிடத்துக்குள் குழாய் முழுவதும் கடும் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்தது. 28 சென்டிமீட்டரில் 18 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தீவு மட்டும் வெளிறிக் கிடந்தது. 24இலும் 33இலும் சிறிய தீவுகள். அப்படியே கருவியை அசைக்காமல் காத்திருந்தோம். இரண்டு நிமிடம் போனபின் பெரிய தீவு மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியது. அந்த இளஞ்சிவப்பு வந்தால் மாற்றம் கடுமையானது என்று எதிர்பார்க்கலாம்.

பெரிய தீவிலிருந்து பரிசோதனைக்கு இரண்டே இரண்டு தசைத் துணுக்குகள் எடுத்தேன். ஆர்வத்தில் ஏழெட்டு எடுத்தால் அங்கே தழும்பு விழும், பிறகு அந்த இடத்தை உயர்த்தி வெட்டுவது சிரமம். சிறியவற்றில் ஒவ்வொன்று. கடைசியில் தயோசல்பேட் கரைசலைத் தெளித்து அயடினைக் கழுவினோம். செய்யாவிட்டால் இரவு முழுக்க நெஞ்சு எரியும்.

மூன்று வாரத்தில் நோயியல் அறிக்கை வந்தது. 28 சென்டிமீட்டரில் கடுமையான பிறழ்வு (புற்றுநோய்க்கு முந்திய கல மாற்றத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர்), மற்ற இரண்டிலும் இலேசான பிறழ்வு. கழுத்து, நெஞ்சு சீடீ ஸ்கானில் நிணக்கணு வீக்கம் எதுவும் இல்லை.

இந்தப் பிறழ்வு என்ன செய்யும்?

இதற்குச் சீனாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. ஹெனான் மாகாணத்து லின்சியன் பகுதி உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பெயர்போன இடம். அங்கே துணுக்குப் பரிசோதனை செய்தவர்களைப் பதின்மூன்றரை வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்தில் சாதாரணமாக இருந்தவர்களில் 8 சதவீதமானவர்களுக்குப் புற்றுநோய் வந்தது. இலேசான பிறழ்வு இருந்தவர்களில் 24 சதவீதம், நடுத்தரத்தில் 50, கடுமையானதில் 74 சதவீதம். 2005இல் வெளியான எண்கள் இவை. எங்கள் மலைக்கு இந்த எண்களை அப்படியே தூக்கி வைக்க முடியாது, அங்கே சாதாரணமானவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆனால் படிப்படியாக ஏறுகிற அந்த ஏணி எல்லா ஊருக்கும் பொது.

அவரிடம் சொல்லும்போது எண்களைச் சொல்லவில்லை. சிகிச்சைக்குக் கண்டிக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"இது கேன்சருங்களா?"

"இன்னும் இல்ல அம்மா. விட்டா ஆகலாம்."

"நோவு ஒன்னும் இல்லையே. என்னத்துக்குக் கண்டி வரைக்கும் போவணும்?"

மேல்தோல் மட்டும் கெட்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அடியிலிருந்து புதுத்தோல் வளரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கவ்வாத்து வெட்டுற மாதிரிங்களா?" என்று கேட்டார்.

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. கிழட்டுச் செடியின் மேற்பாகத்தை வெட்டித் தள்ளினால் தூரிலிருந்து புதுத் துளிர் கிளம்புவதைப் போலத்தான், கருக்கிய இடத்தின் ஓரங்களிலிருந்தும் அடியில் மிஞ்சிய நல்ல கலங்களிலிருந்தும் புதுச் செதிள்தோல் படர்ந்து மூடும். ஆபத்தும் அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது: தூரில் நோய் இறங்கியிருந்தால் வரும் துளிரும் நோயோடுதான் வரும்.

வெட்டுவதா, சுடுவதா?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுட்டு அழித்தல் என்று தேடுபவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பரெட் உணவுக்குழாய் என்ற வேறொரு நிலையைப் பற்றியது. இரைப்பை அமிலம் வருடக்கணக்கில் மேலேறி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தோல் குடலின் தோலைப் போல மாறுவது அது. அங்கே ரேடியோ அலைவரிசை மின்சூட்டால் சுடும் முறைக்கு உறுதியான சான்று உண்டு. 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில், கடுமையான பிறழ்வு உள்ளவர்களில் 81 சதவீதமானவர்களுக்கு அது முற்றாக மறைந்தது, பொய்ச்சிகிச்சை பெற்றவர்களில் 19 சதவீதத்துக்குத்தான். 2014இன் ஐரோப்பிய ஆய்வில், இலேசான பிறழ்வு உள்ளவர்களைச் சுட்டபின் மூன்று வருடத்தில் 1.5 சதவீதமானவர்களே கடுமையான நிலைக்கோ புற்றுநோய்க்கோ போனார்கள். சும்மா கண்காணிக்கப்பட்டவர்களில் 26.5 சதவீதம்.

இவருக்கு இருந்தது செதிள்கல வகை. எங்கள் மக்களிடம் நான் அதிகம் காண்பதும் அதுதான். அதே சூட்டை அதே நம்பிக்கையோடு இங்கே வைக்க முடியாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, செதிள்கலப் புற்றுநோய் ஆழம் குறைவாக இருக்கும்போதே நிணநாளங்களைப் பிடித்துக்கொள்ளும். மேற்சவ்வின் அடித்தசை வரை இறங்கினாலே ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நிணக்கணுவில் பரவியிருக்கக்கூடும். இரண்டாவது, உணவுக்குழாயின் சளிச்சுரப்பிகளுடைய நுண்குழாய்கள் மேற்பரப்பில் வந்து திறக்கின்றன. கெட்ட கலங்கள் அந்தக் குழாய் வழியே கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே சுட்டால் அவை தப்பும். கவ்வாத்துத் தூரு என்று சொன்னேனே, அதுதான்.

செதிள்கலப் பிறழ்விலும் ரேடியோ அலைவரிசைச் சூட்டைச் சீனாவில் பரீட்சித்தார்கள். 2011இல் வந்த 29 பேர் கொண்ட ஆய்வில் 12 மாதத்தில் 97 சதவீதமானவர்கள் தெளிந்தார்கள், 14 சதவீதத்துக்குக் குழாய் சுருங்கியது. நல்ல எண்கள். ஆனால் நீண்ட காலம் தொடர்ந்தபோது, அயடினுக்குப் பின் இளஞ்சிவப்பாகிய திட்டுகளில் தோல்வி கூடுதலாக இருந்தது. இவருடைய 28 சென்டிமீட்டர்த் திட்டு இளஞ்சிவப்பாகியது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. சுட்டால் சாம்பல்தான் மிஞ்சும், நோயியல் வைத்தியருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. இரண்டு துணுக்கு சொன்ன பதில் 18 மில்லிமீட்டர் முழுவதற்கும் பொருந்தும் என்று நம்பிச் சூடு வைத்தால், ஒரு மூலையில் ஏற்கெனவே புற்றுநோயாகி இறங்கத் தொடங்கிய இடத்தை நாமே மூடி மறைத்துவிடுவோம். ஆகவே பெரிய திட்டை முதலில் வெட்டி எடுத்து அதன் ஆழத்தைப் படிப்பது, இலேசான பிறழ்வுள்ள சிறிய திட்டுகளையும் ஓரத்தில் மிஞ்சுவதையும் பிறகு சுடுவது என்று முடிவு செய்தோம். ரேடியோ அலைவரிசைக் கருவிக்கு ஒவ்வொரு முறையும் புதிய குழாய் வேண்டும், அதன் விலை எங்கள் கைக்கு எட்டாது. ஆர்கன் வாயுக் கருவி இருந்தது.

உணவுக்குழாயையே அகற்றும் சத்திரசிகிச்சை பற்றியும் அவரிடம் சொன்னோம். இந்த நிலையில் அது தேவைக்கு மிஞ்சியது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வெட்டி எடுத்த நாள்

2023 ஜூன். கண்டியில், என் ஆசிரியரின் கையால். நான் பக்கத்தில் நின்றேன். அன்று எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டவர் மயக்கமருந்து வைத்தியர். 24 மில்லிமீட்டர் வாய் வழியாகச் சுவாசக்குழாய் போட வழியில்லை. நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஒளிக்குழாயின் உதவியோடு போட்டார்.

திட்டைச் சுற்றி அடையாளப் புள்ளி வைத்து, அடியில் உப்புநீர் ஊசி போட்டு உயர்த்தி, கருவி முனையிலிருந்த மூடிக்குள் உறிஞ்சி, ரப்பர் வளையம் மாட்டி, கம்பிச் சுருக்கால் அறுத்தோம். ஒரு தடவையில் முழுதாக வரவில்லை, இரண்டு துண்டு. கொஞ்சம் இரத்தம் கசிந்தது, அடைத்தோம். துண்டுகளைத் தக்கைப் பலகையில் விரித்து ஊசி குத்தி, எது மேல் எது கீழ் என்று எழுதி அனுப்பினோம். சுருண்ட துண்டை அப்படியே போத்தலில் போட்டு அனுப்பினால் ஆழத்தை யாராலும் அளக்க முடியாது.

அறிக்கை: கடுமையான பிறழ்வு, மேற்படையைத் தாண்டவில்லை. அடிப்பக்க ஓரம் சுத்தம். இடப்பக்க ஓரத்தில் இலேசான பிறழ்வு மிச்சம். ஒரு கலம்கூட அடியில் இறங்கவில்லை என்ற அந்த ஒரு வரியோடுதான் நாங்கள் சூட்டுக்குப் போக முடிந்தது.

சுட்ட நாள்

ஆர்கன் முறை கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும் வேலை எளிது. குழாய் முனையிலிருந்து ஆர்கன் வாயு வெளியே வரும், அதன் வழியாக மின்சாரம் பாய்ந்து நீலப் பொறியாகத் தசையைத் தொடும். கருவி தசையில் படுவதே இல்லை. சிக்கல் ஆழத்தில்தான். உணவுக்குழாயின் மேற்படை அரை மில்லிமீட்டரும் இல்லை. ஒரே இடத்தில் பொறியை நிறுத்திவைத்தால் சூடு தசை வரை போகும். அதனால் நீலச்சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் அடியில் ஏற்றி மெத்தை மாதிரி உயர்த்திக்கொண்டோம். 40 வாட், நிமிடத்துக்கு ஒரு லீட்டர் வாயு. மறுபடியும் லுகோல் தெளித்து, சாயம் ஏறாத ஒவ்வொரு திட்டையும் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் சேர்த்து, வண்ணம் தீட்டுவது போல ஓடவிட்டு வெளிறிய வெண்மைக்குக் கொண்டுவந்தோம். கருந்தவிட்டு நிறத்துக்குப் போகவிடவில்லை. 24, 33, அப்புறம் 28இன் இடது ஓரம். 25 நிமிடம். 2023 ஆகஸ்டில் இது நடந்தது.

இரண்டு நாள் நெஞ்சு வலி, காய்ச்சல் இல்லை. அமிலம் குறைக்கும் மருந்து இரண்டு வேளை, புண்ணை மூடும் சுக்ரல்ஃபேட் பாணி, ஒரு வாரம் கஞ்சியும் ஆறிய பாலும். வீட்டுக்கு அனுப்பினோம்.

நாங்கள் சறுக்கிய இடம்

ஐந்தாவது வாரம் ரொட்டி இறங்கவில்லை. அவர் வரவில்லை. ஆறாவது வாரக் கிளினிக்குக்கு வந்தபோதுதான் சொன்னார்: "ரொட்டியத் தேத்தண்ணியில ஊறவச்சுத் தின்னுக்கிட்டு இருந்தேனுங்க. சுட்டதுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

28 சென்டிமீட்டரில் குழாய் சுருங்கியிருந்தது. 9 மில்லிமீட்டர்க் கருவி கஷ்டப்பட்டு நுழைந்தது. காரணம் தெளிவு. வெட்டிய தழும்பும் அதன் ஓரத்தில் வைத்த சூடும் சேர்ந்து வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்திருந்தன. ஓரத்துச் சூட்டை இரண்டு மாதம் தள்ளி வைத்திருந்தால் இது வராமல் இருந்திருக்கலாம். ஒரே பயணத்தில் முடித்தால் அவருக்குப் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போகாது என்று நினைத்துத்தான் சேர்த்துச் செய்தோம். அந்தக் கரிசனையே அவருக்கு மேலும் இரண்டு பயணங்களைக் கொடுத்தது.

அதைவிட என்னை உறுத்தியது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். விழுங்கக் கஷ்டம் வந்தால் உடனே வரவும் என்று அதில் இருந்தது, ஆங்கிலத்தில். வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை. மகள் கொழும்பில் கடையில் வேலை. அந்த வாரமே அரைப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதினோம்: கட்டியான சாப்பாடு மாட்டினால் அந்த வாரமே வாருங்கள், கறுப்பாக மலம் போனால், காய்ச்சலோடு நெஞ்சு வலித்தால் அன்றே வாருங்கள். இப்போது சூடு வைத்தவர்கள் எல்லோருக்கும் அது கையில் போகிறது.

பலூன் வைத்து இரண்டு தடவை விரித்தோம், முதலில் 12 மில்லிமீட்டருக்கு, இரண்டு வாரம் கழித்து 15க்கு. ரொட்டி இறங்கியது.

அதற்குப் பின்

2023 நவம்பரில் மறுபடி லுகோல். 28 சுத்தம், 24 சுத்தம். 33இல் நான்கு மில்லிமீட்டர்த் திட்டு திரும்பியிருந்தது, இலேசான பிறழ்வு. டிசம்பரில் அதை மட்டும் சுட்டோம். 2024 ஜூனில் குழாய் முழுக்கச் சாயம் ஏறியது. 2025 ஜூனில் சில கடுகளவு வெளிறல்கள், துணுக்கில் அழற்சி மட்டுமே. வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்கு முடிவு என்று ஒன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை. சுட்ட இடம் ஆறினாலும் 35 வருடச் சாறு ஓடிய மீதிக் குழாய் அங்கேதானே இருக்கிறது. அயடினில் புள்ளிப்புள்ளியாக வெளிறுகிறவர்களுக்குப் புதிய இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்த விடயம்.

வெற்றிலையை அவர் விட்டுவிட்டார். என் அறிவுரையால் என்று எழுத ஆசைதான், உண்மை அப்படியில்லை. குழாய் சுருங்கியிருந்த வாரங்களில் சாறு விழுங்கினால் எரிந்தது, அந்த வலியில் விட்டார். பிறகு திரும்பத் தொடவில்லை. மலைக்குப் போகும்போது முந்தானையில் கராம்பும் இஞ்சித் துண்டும் முடிந்துகொள்கிறார்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டுடையது, தேயிலையுடையது அல்ல. தேயிலையை நம்பி வாழ்கிறவர்களிடம் பேசும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும் என்பது உண்மை, அதற்காக அடுப்பிலிருந்து இறக்கிய சாயத்தண்ணி தொண்டைக்கு ஏற்றதாகிவிடாது. "ஊத்தி வச்சிட்டு ரொட்டியச் சுடுங்க, சுட்டு முடிஞ்சப்புறம் குடிங்க" என்று சொன்னேன். அதை அவர் செய்கிறார்.

கணக்கைப் பார்த்தால் இந்தச் சிகிச்சைக்காக அவருக்கு 17 நாட்பேர் போனது. அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். வைத்தியசாலை பணம் கேட்கவில்லை, மலை கேட்டது. ஆய்வுகளில் பக்கவிளைவு அட்டவணையில் இது வருவதில்லை. ஆனால் அடுத்த லுகோலுக்கு ஒருவர் வருவாரா வரமாட்டாரா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதனால் இப்போது பற்சிகிச்சைக் கிளினிக்கையும் எண்டோஸ்கோபியையும் ஒரே நாளில் வைக்கிறோம்.

கடைசியாக வந்தபோது நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தார். ஒரே லயக் குடியிருப்பு, ஒரே மலை, ஒரே வெற்றிலைப் பை. "இவளுக்கும் வாய் அகல மாட்டேங்குது, சோறு நிக்குதுன்னு சொல்றா. அந்தச் சாயத்தப் போட்டுப் பாருங்க டொக்டர் அம்மா, சும்மா கெமரா போட்டா தெரியாது" என்றார். வாயை அளந்தேன். 29 மில்லிமீட்டர். வியாழக்கிழமைப் பட்டியலில் கடைசி ஆளாக அவர் பெயரை எழுதினேன்.